வள்ளியைப் பாடிவிட்டு வாங்கும் சத்தியம்

கச்சியப்பர் கந்தபுராணத்தைச் சூரசம்ஹாரத்தோடு முடிக்கவில்லை. வள்ளி திருமணத்தில் கொண்டுவந்து முடித்தார். போரை வென்ற சாமி கடைசியில் ஒரு குறப்பெண்ணின் தினைப்புனத்தில் போய் நிற்கிறது. வள்ளி கும்மி ஆடுகிறவர்கள் எடுத்துப் பாடுவது அந்த இடத்தைத்தான்.

நான் கும்மி படித்தது நாற்பது வயதுக்கு மேல், திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் களத்தில். தறி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிவிட்டு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வரிசை. வாத்தியார் ஓரடி பாடுவார். அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கால் பழகினாலும் மூச்சு லேசில் பழகாது. பாட்டில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்று பிடிபட்ட பிறகுதான் ஆட்டம் கைவந்தது. அப்புறம் ‘நான் ஆடுகிறேன்’ என்ற நினைப்பே கழன்றுபோகிறது. ஒருத்தி தடுமாறினால் வரிசையே தடுமாறும். பக்கத்தில் தட்டும் கை யார் வீட்டுக் கை என்று பார்க்க நேரம் ஏது? கருவறை முன் கண்மூடி நின்றபோது எனக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது. பக்தி என்று நான் சொல்வது இதைத்தான்.

முன்பு இது பெரும்பாலும் ஆண்கள் ஆட்டம். கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெண்கள் ஆட வந்ததும் கதைக்கே கனம் கூடியது. முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகி வந்து கேட்டான். இத்தனை வேடமும் வள்ளியின் சம்மதத்துக்காக. வள்ளியை உயிர் என்றும், முருகனை உயிரைத் தேடிவரும் இறைவன் என்றும் சைவப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தேடிவந்தவன் குலம் கேட்கவில்லை.

இப்போது சில கும்மி மேடைகளில், சொந்தச் சாதியிலேயே கல்யாணம் கட்டிக்கொள்வோம் என்று பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். செய்தியிலும் வந்தது. எங்கள் வரிசையில் ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, “ஏனுங்க அத்தை, அந்தச் சத்தியத்த வள்ளிகிட்ட வாங்கியிருந்தா இந்தப் பாட்டே இருந்திருக்காதுங்களே?” என்றாள். அவள் கேட்டதற்கு எந்தப் பெரியவரும் இன்னும் எனக்கு நேரான பதில் சொல்லவில்லை.

பெற்றவர்களின் பயம் எனக்குத் தெரியாததல்ல. வள்ளியின் அப்பன் நம்பிராசனுக்கும் கோபம் வந்தது. படை திரட்டிப் போய் முருகனை எதிர்த்தான், மாண்டு விழுந்தான். வள்ளி எழுப்ப எழுந்தான். பிறகு அவனே மகளை முருகன் கையில் பிடித்துக்கொடுத்தான். பெற்றவர்களுக்கான வழியும் அந்த வள்ளி திருமணப் படலத்திலேயே இருக்கிறது.

காளிப்பட்டித் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுக்கும் ஊர்கள் நம்முடையவை. கும்மி ஏற்பாடு செய்யும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நம்பிராசன் பெண்ணைக் கொடுக்கும் இடம் வரை பாட்டை முழுசாகப் பாடவிடுங்கள். உறுதிமொழித் தாளை மட்டும் களத்துக்குக் கொண்டுவராதீர்கள்.