லாபத்தோடு செய்யும் நன்மை நன்மையா?



இந்த முறை ஒரு கேள்வியை உங்கள் முன்னால் வைக்கிறேன். ஒருவர் ஒரு நல்ல காரியம் செய்கிறார். அதனால் அவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்தும் இருக்கிறது. அப்படியானால் அவர் செய்தது புண்ணியமா, வியாபாரமா?

கேட்கும்போது சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா வீட்டுக்குள்ள கொண்டு வந்து பாத்தா கொஞ்சம் சுடும். பென்ஷன் வாங்கும் அப்பாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகன், வீடு தன் பெயருக்கு வரப்போகிறது என்று தெரிந்தே மாமியாருக்குப் பணிவிடை செய்யும் மருமகள், எல்லாரையும் பார்த்து ஊர் கேட்பது இதைத்தானே? "சும்மாவா செய்யறாங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தது என் அக்கா மகன். ஒன்பது வயசு. கேட்ட இடம் வேடந்தாங்கல்.

பொங்கல் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை அது. அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், பிள்ளைகள் ரெண்டு பேர், நான் என ஏழு பேரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினால் ரெண்டு பக்கமும் நெல் வயல். அம்மா கட்டிக் கொண்டு வந்த புளியோதரையை வழியிலேயே ஒரு புளிய மரத்தடியில் முடித்துவிட்டு, சாயங்காலம் மூன்றரை மணிக்கு ஏரிக்கரை ஏறினோம். இரை தேடப் போன பறவைகள் திரும்பி வருகிற நேரம்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி பெரியது இல்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நிற்கின்றன. அதில் பெரும்பாலானவை நீர்க்கடம்பு. கடம்பு என்றாலே நம்மவர்களுக்கு யார் ஞாபகம் வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா மரத்தைப் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு மரத்திலும் இலை தெரியாத அளவுக்கு நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா. கரண்டிவாயனைக் காட்டியதும் ஆறு வயசுச் சின்னவள், "அது வாயிலயே ஸ்பூன் வச்சிருக்கு, கை கழுவவே வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

வருவதற்கு முன் நான் படித்து வைத்திருந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இந்தப் பறவைகளைக் காப்பாற்றியது முதலில் அரசாங்கம் இல்லை, ஊர்க்காரர்கள். 200 வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, கிராமத்து மக்கள் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்துக்கு 'கவுல்' என்று பெயர். சரணாலயம் என்ற அங்கீகாரம் வந்தது 1936-ல். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலகம் கவனிக்கும் ஈரநிலங்களில் ஒன்றாக ஆனது.

கரையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஊர்க்கார அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தன் பங்குக்குச் சொன்னார்: "அதுங்க எச்சம் தண்ணியில விழுதுல்ல தம்பி, அந்தத் தண்ணி மதகு வழியா வயலுக்குப் போவும். உரம் போட்ட மாதிரி. அதுங்க வந்தா எங்களுக்கு வெள்ளாமை."

அவர் சொன்னது சரி. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. உரக்கடை என்று ஒன்று இல்லாத காலத்திலேயே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இதைக் கேட்டதும்தான் பையன் முகம் மாறியது. "அப்போ உரம் கெடைக்குதுன்னுதான் காப்பாத்தறாங்களா? அது நல்ல விஷயம் இல்லயே மாமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. அவனிடம் ஒரு வழக்கு இருந்தது. வீட்டில் அக்கா ஃபிரிட்ஜில் ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறாள். நல்ல காரியம் செய்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு ஐஸ்கிரீம். முந்தின வாரம் இவன் பாட்டிக்குத் துணி மடித்துக் கொடுத்துவிட்டு, உடனே போய் ஸ்டார் கேட்டிருக்கிறான். "ஸ்டாருக்காகச் செய்யறது உதவியே இல்ல" என்று அக்கா திட்டியிருக்கிறாள். அவனுக்கு வேண்டியது நியாயம். தன் துணி மடிப்பு உதவி இல்லை என்றால், ஊர்க்காரர்கள் செய்ததும் உதவி இல்லை. ஊர்க்காரர்கள் செய்தது பெரிய விஷயம் என்றால், தன் ஸ்டார் தனக்கு வரவேண்டும். லாஜிக்கில் ஒரு ஓட்டை இல்லை!

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒன்பது வயசுக்காரன் பக்கம் ஒரு பெரிய ஆள் நிற்கிறார். ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். வேடந்தாங்கல்காரர்கள் கவுல் வாங்குவதற்கு 13 வருஷம் முன்னால், 1785-ல் எழுதிய நூலில் அவர் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். சின்னப் பிள்ளை வந்து கேட்டாலும் அதே விலைதான் சொல்வார், ஏமாற்ற மாட்டார். ஏனென்றால் பெயர் கெட்டால் வியாபாரம் போய்விடும். அவர் செய்வது சரியான காரியம்தான், ஆனால் லாபத்துக்காகச் செய்வதால் அதற்கு ஒழுக்க மதிப்பு இல்லை என்பது கான்ட்டின் முடிவு.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரு ப்ரோக்ராம் எதை நம்பி ஓடுகிறது என்று தெரியவேண்டுமென்றால், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்ப்போம். எதை எடுத்தால் நிற்கிறதோ, அதை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயும் அதையே செய்து பார்க்கலாம். லாபத்தை எடுத்துவிடுவோம். நன்மை நிற்கிறதா, ஓடுகிறதா?

வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷங்களில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவைகள் கூடு கட்டாது. எச்சமும் இல்லை, உரமும் இல்லை. அந்த வருஷங்களில் ஏரி மரங்களை விறகாக்கியிருந்தால் அடுத்த வருஷம் கூடு கட்ட இடமே இருந்திருக்காது. மரம் நின்றது. அப்புறம், இன்றைக்கு எந்த ஊர் உரக்கடையிலும் யூரியா மூட்டை கிடைக்கிறது. லாபக் கணக்கு பழைய அளவுக்குக் கிடையாது. ஆனாலும் காவல் நிற்கவில்லை.

1798-ஐயும் யோசித்துப் பாருங்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிடுவதற்கு ஒரு வருஷம் முந்தைய காலம். கம்பெனிச் சிப்பாய் கையில் துப்பாக்கி. அவன் சுடுவதைத் தப்பு என்று கம்பெனிக் கலெக்டரிடமே போய்ச் சொல்வதற்கு, கொஞ்சம் நெல் கூடுதலாக விளையும் என்ற கணக்கு மட்டும் போதுமா? எனக்குப் போதும் என்று தோன்றவில்லை. லாபக் கணக்கு மட்டும் போட்டிருந்தால், "நமக்கேன் வம்பு" என்று வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் அன்றைக்கே பார்த்தோம். ஒரு இளைஞர் கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு கரையில் நடந்து வந்தது. கெட்டவர்கள் இல்லை, சந்தோஷமாக வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஏரியால் ஒரு பைசா லாபம் இல்லை. கான்ட் கணக்குப்படி பறவைகளிடம் சுத்தமான அன்பு காட்ட முழுத் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான்! ஆனால் எழுந்து போய், "தம்பி, குஞ்சு இருக்குதுப்பா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொன்னது அந்த வெள்ளரிப்பிஞ்சு அம்மா. அவர்களும் உடனே நிறுத்திவிட்டார்கள்.

லாபம் இல்லாதவர்களிடம் தானாகவே தூய்மை வந்துவிடுவதில்லை. பல நேரம் வருவது அலட்சியம்தான். அந்த அம்மாவுக்கு அங்கே ஒரு பங்கு இருந்தது. பங்கு இருந்ததால் கண் அங்கேயே இருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து, எந்த மரத்தில் குஞ்சு இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தபின் வந்ததுதான் அந்த "குஞ்சு இருக்குதுப்பா". அதில் நெல் கணக்கு எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் பையனிடம் என் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பாதியிலேயே என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினான். "தாத்தா, நீங்க அம்மாவையும் மாமாவையும் வளத்தது, வயசான காலத்துல உங்களைப் பாத்துப்பாங்கன்னுதானா?"

தட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அக்கா, "டேய்" என்றாள். அப்பா மட்டும் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுவும்தான்டா. உங்க மாமனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வட்டிக்கு வாங்கினப்ப, இவன் நிமிந்தா குடும்பம் நிமிரும்னு நெனச்சேன். நெனைக்கலைன்னு சொன்னா பொய். ஆனா சின்ன வயசுல இவனுக்கு டைஃபாய்டு வந்து நாலு நாள் கண்ணு முழிச்சோம் பாரு, அப்ப அந்தக் கணக்கு எதுவும் ஞாபகத்துல இல்ல. புள்ள பொழைச்சா போதும்னு இருந்துச்சு."

அன்பர்களே, அப்பா சொன்னது எனக்கு வலிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. "உன்னிடம் எதையுமே எதிர்பார்க்கவில்லை" என்று பெற்றவர்கள் சொன்னால், அந்தக் கடனை எந்த ஜென்மத்தில் அடைப்பது? "எதிர்பார்த்தேன், அதோடு பாசமும் வைத்தேன்" என்று சொன்னால், மாதம் மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது நானும் நேராக நின்று அனுப்பலாம். நானும் அப்படித்தானே? கடமைக்கும் அனுப்புகிறேன், பாசத்துக்கும் அனுப்புகிறேன். ரெண்டையும் பிரித்துக் காட்டு என்றால் எனக்குத் தெரியாது.

கான்ட் எச்சரித்ததில் ஒரு உண்மை இருக்கிறது. லாபத்தை மட்டுமே நம்பி நிற்கும் நன்மை, லாபம் போன அன்றைக்கே கிளம்பிவிடும். அதனால் கேட்கவேண்டிய கேள்வி "இதில் உனக்கு லாபம் உண்டா?" என்பது இல்லை. "லாபம் நின்ற நாளில் நீ என்ன செய்தாய்?" என்பதுதான். ஏரி வற்றிய வருஷமும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரியும்தான் அதற்குப் பதில் சொல்லும்.

குழந்தைகள் விஷயத்தில் நான் அரிஸ்டாட்டில் பக்கம். நல்ல காரியங்களைச் செய்து செய்துதான் ஒருவன் நல்லவன் ஆகிறான், முதலில் மனசு முழுக்கத் தூய்மையாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்க முடியாது என்பது அவர் கருத்து. ஸ்டாருக்காக ஆரம்பித்த துணி மடிப்பு, நாளைக்குப் பாட்டிக்கு முட்டி வலிக்கும்போது ஸ்டார் ஞாபகமே இல்லாமல் தொடரலாம். அட்டை இருக்கட்டும். ஆனால் என்றைக்காவது ஒருநாள் அந்த அட்டையைக் கழற்றியும் பார்க்கவேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்குப் பயன்படாத உயிர்களை என்ன செய்வது? நாரைக்கு எச்சம் இருக்கிறது. வௌவாலுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்களும் நம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகப் பல வருஷமாகவே பட்டாசுச் சத்தம் கிடையாது. அந்த ஊர்களிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வெடி மேல் ஆசை இருக்கும். ஆசையை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அந்த உயிர்கள் அவர்களுக்கு நெருக்கமாகிவிட்டன. பயனில் தொடங்கிய பழக்கம் பயனில்லாத உயிர் வரைக்கும் நீண்டால், அதைத்தான் நான் அறம் என்று சொல்வேன்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் வாருங்கள். சத்தம் வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்த ஊர்க்காரர்கள் செய்தது உதவியா லாபமா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பதில் எப்படி வந்தாலும் திருத்த அவசரப்படாதீர்கள். அடுத்த கேள்வி உங்களைப் பற்றியதாக இருக்கலாம். அதற்கு மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

 மனசில் பட்டதை எழுதுங்கள், பிடித்திருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.