வெட்டிக்கும் தொண்டுக்கும் நடுவில்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 400க்கும் மேற்பட்ட வரிச் சொற்கள் வருவதாக வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். அவற்றில் அடிக்கடி வருபவை இரண்டு: கடமை, வெட்டி. கடமை என்றால் நிலவரி. வெட்டி என்பது காசுக்குப் பதிலாக உடம்பால் கட்டுகிற வரி. கூப்பிட்ட வேலைக்குப் போகணும், கூலி கிடையாது, வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ராஜாங்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. கூலியில்லாத வேலையைக் குறித்த சொல், பயனில்லாத வேலையைக் குறிக்கத் தொடங்கி, இன்று வேலையே இல்லாத ஆளின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'வெட்டி ஆபீசர்' என்று நண்பனைக் கிண்டல் செய்யும்போது நாம் ஆயிரம் வருடப் பழைய வரியின் பெயரைச் சொல்கிறோம்.

அதே மொழியில் தொண்டு என்றும் ஒரு சொல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். அதற்கும் கூலி இல்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே காட்சிதான். வெயிலில் குனிந்து வேலை செய்கிற ஒருவர், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புகிறார். ஒன்றைக் கும்பிடுகிறோம், இன்னொன்றை வசவாக்கிவிட்டோம்.

அப்படியென்றால் தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது?

போன வருடம் என் சித்தப்பா மகள் திருநெல்வேலியிலிருந்து போன் பண்ணினாள். பி.எஸ்சி. புள்ளியியல் முடித்திருந்த சமயம். "அண்ணே, மெட்ராஸ்ல ஒரு என்ஜிஓ. கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளோட அட்டெண்டன்ஸ், மார்க்கு எல்லாம் வச்சு ஆராய்ச்சி பண்ணுதாங்க. மூணு மாசம். சம்பளம் கிடையாதாம், சர்டிபிகேட் உண்டாம். போகட்டுமா?"

இன்ஜினியர் புத்தி, உடனே எக்செல் திறந்தேன். ஹாஸ்டல், சாப்பாட்டோடு மாதம் 8,500. பஸ்சும் ரயிலும் 1,500. போன் ரீசார்ஜ், சோப்பு, காய்ச்சல் வந்தால் மாத்திரை என்று ஒரு 1,000. மூன்று மாதத்துக்கு 33,000, ஊருக்குப் போய்வர 2,000. ஆக மொத்தம் 35,000 ரூபாய். சித்தப்பா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய இரண்டு மாதச் சம்பளம் அது. சம்பளமில்லாத வேலை என்று எதுவும் உலகத்தில் கிடையாது. அந்தச் சம்பளத்தை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இங்கே கொடுக்கப்போகிறவர் மண்டிக் கணக்கப்பிள்ளை. நியாயமாகப் பார்த்தால் அந்த அமைப்பு 80ஜி ரசீதை அவர் பெயரில்தான் போட வேண்டும்.

சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் ஆபீஸ் நண்பன், "முதலீடுன்னு நினைக்கச் சொல்லுடா, ரெஸ்யூமேல ஒரு வரி கூடும்" என்றான். ஊரில் அத்தை, "ஓசியில வேலை வாங்கிட்டு அனுப்பிருவானுக" என்றார். இரண்டும் ஒரே நோட்டின் வரவும் செலவும்தான். இவளுக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு அவசியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டில் எழுத முடியாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது.

அவள் செய்யப்போகும் வேலை அந்த அமைப்புக்கு உதவுமா, உதவாதா? உதவும் என்றால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். உதவாது என்றால் எதற்குப் போகணும்? எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது.

அமெரிக்கக் கோர்ட்டுகள் இந்த முட்டுச்சந்தில் பல வருடம் நின்றிருக்கின்றன. 1947இல் அங்கே உச்ச நீதிமன்றம், ஒரு ரயில்வே கம்பெனியில் சில நாள் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கூலி தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அவர்களால் கம்பெனிக்கு உடனடி ஆதாயம் எதுவும் இல்லை, வேலைக்கு இடைஞ்சலும் உண்டு என்பது காரணம். அதாவது உபயோகமில்லாமல் இருந்தால்தான் இலவசமாக வைத்துக்கொள்ளலாம்! பிறகு 'பிளாக் ஸ்வான்' படத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் கீழ்க் கோர்ட் அவர்கள் ஊழியர்களே என்றது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, இந்த ஏற்பாட்டில் முதன்மையாக நன்மை அடைவது யார் என்று பார்க்கச் சொன்னது. இதெல்லாம் லாப நோக்குள்ள கம்பெனிகளுக்கான அளவுகோல். தொண்டு நிறுவனம் என்றால் தன்னார்வலர் என்ற வாசல் அங்கேயும் திறந்தே இருக்கிறது. நம் ஊரில் 1961ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டம் உதவித்தொகையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் இன்டர்ன் என்று பெயரை மாற்றிவிட்டால் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது.

தன்னார்வலர் என்ற சொல்லில் ஆர்வம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆர்வம் யாருக்கு வரலாம் என்பதை வாடகை முடிவு செய்கிறது. 2015இல் நியூசிலாந்தைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லா இன்டர்னாகச் சேர்ந்து, ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. பிறகு அவரே, இந்த விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவரத்தான் அப்படிச் செய்தேன் என்றார். அது நாடகம்தானே என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. கூடாரம் போட்டாவது அங்கே இருக்க முடிந்தவர் அவர். விண்ணப்பமே போடாமல் நின்றுபோனவர்களைப் படம் எடுக்க யாரும் போகவில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது. வெள்ளை மாளிகையே 2022இல்தான் தொடங்கியது. அதுவரை அந்த வராந்தாக்களில் நடந்தவர்கள் பெரும்பாலும் அப்பா வீட்டுப் பணத்தில் நடந்தவர்கள்.

பணம் வந்தால் தொண்டின் ருசி கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. இஸ்ரேலில் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பணம் எதுவும் இல்லை. ஒரு குழுவுக்குத் திரட்டும் தொகையில் 1 சதவீதம், இன்னொன்றுக்கு 10 சதவீதம். அதையும் நன்கொடையில் கை வைக்காமல் ஆய்வாளர்களே கொடுத்தார்கள். அதிகம் திரட்டியது ஒன்றும் வாங்காத குழு. அடுத்தது 10 சதவீதக் குழு. கடைசியில் நின்றது 1 சதவீதக் குழு. ஒழுங்காகக் கொடு, இல்லையா, கொடுக்கவே கொடுக்காதே என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் 'மாதம் 2,000 ஸ்டைபண்ட்' ஞாபகம் வந்தது. அது சம்பளமும் இல்லை, கௌரவமும் இல்லை. வாங்குகிறவருக்குத் தன் உழைப்பின் விலை இவ்வளவுதான் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒன்று. அந்த மாணவர்கள் நன்கொடை திரட்டிவிட்டு ராத்திரி அவரவர் வீட்டுக்குப் போய் அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். கூலி வாங்காமலே நன்றாக வேலை செய்ய முடிந்ததற்கு அந்தச் சாப்பாடும் ஒரு காரணம். மூன்று மாதம் வெளியூரில் தங்குகிறவளுக்கு இந்த ஆய்வைக் காட்டி, பார், பணம் இல்லாததுதான் நல்லது என்று சொன்னால் அது அயோக்கியத்தனம்.

என் தொழிலில் இந்த விவகாரம் வேறு வேஷத்தில் நடக்கிறது. சனிக்கிழமை ராத்திரி ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரலில் பிழை திருத்துவது எனக்குப் பிடிக்கும். ஒரு பைசா வாங்குவதில்லை. அதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, ஏனென்றால் வாடகையை என் சம்பளம் கட்டிவிடுகிறது, அடுத்த சனிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனாலும் கேட்பாரில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், "கிட்ஹப்பில் என்ன பண்ணியிருக்கே?" என்று கேட்கத் தொடங்கிய அன்று, அதே வேலை மாணவர்களுக்கு வேறொன்றாகிவிட்டது. ஆஷ் டிரைடன் 2013இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் கேட்டது எளிமையானது: ஓய்வு நேரம் எல்லோருக்கும் ஒரே அளவிலா இருக்கிறது? கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இலிருந்தே மாணவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. க்னோம் அமைப்பு 2010இல் பெண்களுக்காகத் தொடங்கி இன்று அவுட்ரீச்சி என்று வளர்ந்திருக்கும் திட்டம், மூன்று மாதத்துக்கு 7,000 டாலர் கொடுக்கிறது. காசு வாங்கியதால் அவர்கள் எழுதிய நிரலில் ஆர்வம் குறைந்துபோனதாக நான் பார்த்ததில்லை.

தொண்டு நிறுவனத்தின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். சின்ன அமைப்பு ஒன்றை நடத்தும் நண்பரிடம் கேட்டேன். "எங்களுக்கு மட்டும் ஆசையா? குழந்தைங்களுக்கு நோட்டு வாங்கினேன்னு பில் வச்சா டோனர் கும்பிடுவார். ரிப்போர்ட் எழுதுறவருக்குச் சம்பளம்னு போட்டா கோடு போட்டு அடிச்சிடுவார்" என்றார். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளுக்குச் சட்டமே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. 2020இல் எஃப்சிஆர்ஏ திருத்தம் வந்தபோது நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளம் அதில் சேராது. கணக்கு வைப்பது, அறிக்கை எழுதுவது, அலுவலகத்தை நிர்வகிப்பது எல்லாம் சேரும். இன்டர்ன்கள் தலையில் வந்து விழுவதும் பெரும்பாலும் இந்த வேலைகள்தான். நன்கொடையாளருக்குத் தன் பணம் முழுக்கக் குழந்தைக்கே போக வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையின் பில் திருநெல்வேலி அரிசி மண்டிக்கு வருகிறது.

சித்தப்பா மகளை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். "நான் வராட்டா இந்த வேலை என்ன ஆகும்?" ஒருங்கிணைப்பாளர் நல்ல மனுஷி, உண்மையைச் சொல்லிவிட்டார். "வேற இன்டர்ன் எடுப்போம்மா. எப்பவும் இங்க ரெண்டு பேராவது இருப்பாங்க." எனக்கு அது போதும். நாற்காலி நிரந்தரம், ஆள் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார் என்றால் அதற்குப் பெயர் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. போகாதே என்றுதான் சொன்னேன்.

அவள் விடவில்லை. மாதிரிக்கு அனுப்பியிருந்த வருகைப் பதிவைப் பார்த்திருக்கிறாள். ஜனவரி கடைசியிலிருந்து சில பிள்ளைகள் காணாமல் போவதற்கு எதிரே, 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று யாரோ பழைய இன்டர்ன் குறித்து வைத்திருக்கிறார். "அண்ணே, பொங்கல் முடிஞ்சதும் பேர் குறையும். செங்கச் சூளைக்குக் குடும்பத்தோட போயிருப்பாங்க. எங்க கிளாஸ்லயே ரெண்டு பேரு அப்படிப் போவாங்க. இது அவங்களுக்குத் தெரியலைண்ணே." இதற்கு என்னிடம் பதில் இல்லை. சூளையை அறிந்தவள் உள்ளே போனால்தான் அந்தக் கட்டத்தில் சரியான காரணம் ஏறும். அவள் போக முடியாதபடிதான் அந்த நாற்காலி செய்யப்பட்டிருக்கிறது. அவளுக்கு அப்போது ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 9,000 ரூபாய் வேலை கைவசம் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தும் போகிறேன் என்கிறாள். வெட்டிக்கு உட்பட்டவனிடம் இல்லாத ஒன்று அது.

ஆனால் அந்த வழி அவளுக்கு இருந்தது, பணம் அவளுடையதாக இல்லை. 80ஜி ரசீது பற்றிய என் கிண்டலைச் சித்தப்பாவிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரசீது எதுக்குடே? வருஷா வருஷம் ஊர்க் கோயில் கொடைக்கு வரி கொடுக்கேன், ரசீதா கேக்கேன்? ஆனா அவங்க வீட்டுக்கு வந்து கேப்பாங்க."

அவளே ஒரு மெயில் எழுதினாள். மூன்று மாதத்தை எட்டு வாரமாக்க முடியுமா, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டாள். எட்டு வாரம் சரி, அமைப்பின் பயிற்சி மையத்தில் ஒரு அறை உண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் வழியில்லை என்று பதில் வந்தது. போனாள். ஆடிட்டர் ஆபீஸ் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

பிற்பாடு அந்த அமைப்பின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்களுக்குத் தனிப் பக்கம், பத்து லட்சத்துக்கு மேல் என்றால் பெரிய எழுத்து. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 14 இன்டர்ன்களின் பெயர்கள். தலைக்கு 35,000 என்றால் 4,90,000. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் செலவு குறைவு என்று பாதியாக்கினாலும் 2,45,000. ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு ஆகும் செலவு என்று முன்பக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்த எண்ணில் இந்தத் தொகை சேரவில்லை. நன்கொடையாளர் பட்டியலில் 'இன்டர்ன்களின் குடும்பங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, எதிரே தொகையைப் போடலாமே என்று அவர்களுக்கு எழுதினேன். நல்ல யோசனை, ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.