வீட்டோடு போகும் யாத்திரை

படுக்கை, சமையல் மேடை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த கேரவன் வண்டிகள் பெங்களூரில் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை அமர்த்திக்கொண்டு, ஹூப்ளி, புனே, ஆமதாபாத் என்று வடக்கே ஏறி, ஜோத்பூரைத் தொட்டு, தார்ப் பாலைவனத்து மணலையும் முட்செடிகளையும் இருமருங்கும் பார்த்தவாறே மேர்த்தாவைக் கடந்து, பிரம்மதேவனின் கோயிலும் 52 படித்துறைகளும் கொண்ட புஷ்கரத்து ஏரிக்கரையை அடைய 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். எங்கள் அல்சூரில் ஒரு குடும்பத்தார், முழங்கால் வலியால் படியேற இயலாத தங்கள் தாயாரை இவ்விதம் அழைத்துச் செல்லத் தீர்மானித்தபோது, உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "வீட்டையே கூடக் கொண்டுபோனால் அது யாத்திரையாகுமா?" அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சாஸ்திரம் பெரியவரின் பக்கமே பேசுவதாகத் தோன்றும். மச்ச புராணம் பிரயாகையின் பெருமையைச் சொல்லுமிடத்தில், செல்வச் செருக்காலோ லோபத்தாலோ மோகத்தாலோ வாகனமேறித் தீர்த்தத்துக்குப் போகிறவனுக்குப் பலனில்லை என்று கண்டிப்பாகவே கூறுகிறது. ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது சக்கரத்தைவிட, சக்கரத்தில் ஏறத் தூண்டிய மனத்தையே என்று நான் கருதுகிறேன். சிரமந்தான் புண்ணியத்துக்குரிய விலை என்று கொள்வோமானால், கைலாயத்தை நாடிப் புறப்பட்டு, பாதம் தேய்ந்தபின் கைகளால் தாவியும், கைகள் தேய்ந்தபின் மார்பால் உந்தியும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்றதாகச் சேக்கிழார் பாடும் திருநாவுக்கரசரைவிட மிகுந்த விலை கொடுத்தவர் யார்? அவருக்கே கைலாயம் எட்டவில்லை. வழியில் ஒரு தடாகத்தில் மூழ்கியவரைத் திருவையாற்றுக் குளத்தில் எழச்செய்து, அவர் விட்டுவந்த சோழநாட்டிலேயே இறைவன் காட்சி கொடுத்தான். உடம்பின் தேய்மானத்தைக் கணக்கிட்டு அருளை அளந்துகொடுக்கும் வழக்கம் அவனிடம் இல்லை.

அப்படியானால் கேரவன் எதனால் உறுத்துகிறது? மகாபாரதத்து வனபருவத்தில் புலஸ்தியர் பீஷ்மருக்குத் தீர்த்தங்களின் பெருமையை எடுத்துரைக்கிறார். புஷ்கரத்தை முதலில் வைத்தே தொடங்குகிறார். வேள்விக்குப் பலவகை உபகரணங்களும் பொருளும் ஆட்களும் வேண்டும், அது அரசர்க்கும் செல்வர்க்குமே கைகூடும், தரித்திரனும் செய்யத்தக்கது தீர்த்தயாத்திரை, அது வேள்வியினும் மேலானது என்பது அவர் கூறும் நியாயம். இந்தக் கன்னட மண்ணிலும் 12ஆம் நூற்றாண்டிலே பசவண்ணர், செல்வர் கோயில் எடுப்பார்கள், ஏழை என்ன செய்வான் என்று கேட்டு, ஏழையின் தேகத்தையே கோயிலாகக் கண்டார். எனவே யாத்திரை என்பது உபகரணமற்றவனுக்கென்று திறந்துவைத்த வாயில். அதன் வழியே நாம் மறுபடியும் உபகரணங்களை ஏற்றிக்கொண்டு நுழைகிறோம்.

புலஸ்தியர் விதிக்கும் நிபந்தனைகளும் சிந்திக்கத்தக்கவை. பிறரிடம் தானம் வாங்காதவன், கிடைத்தது கொண்டு திருப்தியடைகிறவன், அகங்காரம் நீங்கியவன், இவனே தீர்த்தபலனை அடைகிறான். முதல் நிபந்தனை கேரவன்காரருக்குச் சாதகமானதுதான். அவர் தம் அரிசியைத் தாமே பொங்கி, தம் தொட்டித் தண்ணீரையே குடித்து, யாருக்கும் கடன்படாமல் போய்வருகிறார்.

ஆனால் அந்தப் பாலைவனத்துச் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. நிழலுக்கு ஒரு கூரை, ஈரமணலில் பதித்த மண்பானைகள், அருகே ஒருவர். வந்தவன் இன்னாரென்று கேளாமல், நீண்ட மூக்குள்ள பாத்திரத்திலிருந்து அவர் சாய்த்து ஊற்ற, வழிப்போக்கன் குனிந்து, இரு கைகளையும் குவித்து வாயருகே ஏந்திக் குடிக்கிறான். கைகளைக் குவித்துத் தலையைத் தாழ்த்தாமல் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே முடியாது. மழை அரிதான பூமியில் தண்ணீரை வைத்துக் காத்திருப்பவரின் தர்மம், வாங்கிக்கொள்ளும் ஒருவன் வந்தால்தான் நிறைவேறுகிறது. தொட்டி நிரம்பிய வண்டியோ அவரைக் கடந்துபோய்விடுகிறது. பொருளாசையின்றி ஏற்க மறுப்பதும், எனக்கு எவரும் வேண்டியதில்லை என்று ஏற்காதிருப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும். முன்னதைத்தான் புலஸ்தியர் வேண்டினார்; பின்னது அவர் விலக்கிய அகங்காரமே.

ஆகவே தாயாரின் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டிய தூரத்தில் கழிவறையும் காலை நீட்டப் படுக்கையும் இருப்பது அந்த அம்மாளுக்குப் போகமன்று. அவை இல்லையேல் அவருக்குப் புஷ்கரமே இல்லை. உடன்செல்லும் திடகாத்திரமான பிள்ளைகளுக்கு அதே வண்டி வேறொரு வண்டியாகிவிடுகிறது. அவர்கள் அடுப்பை மூடிவைத்து, வழியில் கிடைத்த கம்பு ரொட்டியை உண்டு, இறங்கி நின்று கைகுவித்துத் தண்ணீர் குடித்தார்களானால், பெரியவரும் ஆட்சேபிக்கமாட்டார்.

2009இல் புஷ்கர ஏரியே வறண்டுபோயிற்று. கார்த்திகைத் திருவிழாவுக்கு வந்த பக்தர்கள், படித்துறையொன்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நிரப்பிவைத்த சிமெண்டுத் தொட்டிகளில் நீராட நேர்ந்தது. எவ்வளவு முன்னேற்பாடு செய்துகொண்டு வந்தவருக்கும் அந்த ஆண்டு அந்தத் தொட்டிநீர்தான் கிடைத்தது. கிடைத்தது கொண்டு திருப்தியடைதல் என்னும் நிபந்தனையை ஏரியே முன்னின்று அவர்களிடம் கேட்டது.