கோட்டின் நடுக்கம்

பூரணம் என்பது மனத்துக்கு மட்டுமே எட்டும் பொருளாயின், அதைக் கையால் எழுத முற்படுவது ஞானமா, பேராசையா? ஆக்னஸ் மார்ட்டின் என்ற அமெரிக்க ஓவியரின் சரித்திரத்தைப் படித்த நாள் முதல் இக்கேள்வி என்னை விட்டபாடில்லை.

1912-இல் கனடாவில் பிறந்து, 1950-இல் அமெரிக்கப் பிரஜையாகி, 46-ஆம் வயதிலேதான் நியூயார்க்கில் முதல் தனிக் காட்சி கண்ட அந்த அம்மையார், கீர்த்தி பெருகிவந்த 1967-ஆம் ஆண்டில் தூரிகைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, வண்டியேறிப் போய், நியூ மெக்சிகோவின் மேட்டு நிலமொன்றில், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்தில், சுடாத மண்கல்லால் தாமே வீடு கட்டிக்கொண்டு தனித்திருந்தார்.

இதைத் துறவென்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அவ்வளவு அவசரமில்லை. அவர் மனச்சிதைவு நோயால் நெடுங்காலம் அவதியுற்றவர்; நோயாளியின் வேதனைக்கு வைராக்கியம் என்று பெயர் சூட்டி வணங்குவது, பக்தி போலத் தோன்றினும், இரக்கமற்ற காரியமே. அன்றியும், துறந்தது துறந்ததாக நிற்கவில்லை: 1974-இல் மீண்டும் தீட்டத் தொடங்கினார். அப்படியானால் அது வீழ்ச்சியா?

விடையை அவர் படத்தின் அருகில் போய்த் தேட வேண்டும். 1964-இல் எழுதிய 'மரம்' என்பதில் இலையுமில்லை, கிளையுமில்லை. ஆறடிச் சதுரச் சீலையில் வெளிறிய பூச்சு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சில் கோடுகள், அவ்வளவே. எட்ட நின்றால் பனிமூட்டம்; கிட்டே போனாலோ, அளவுகோலை ஒட்டி இழுத்த கோடு, சீலையின் இழைமேட்டில் ஏறி இறங்குகையில், ஓரிடத்தில் அழுந்தி, ஓரிடத்தில் மெலிந்து, மயிரிழையளவு தயங்கிச் செல்வது தெரியும். மனத்தில் முழுமையாக உதித்த சிறு சித்திரத்தைக் கணக்குப் போட்டு ஆறடிக்குப் பெருக்கியவர், ஒவ்வாதவற்றைக் கத்தியால் கிழித்தெறியத் தயங்காதவர், இந்த நடுக்கத்தை மட்டும் அழித்துத் திருத்தவில்லை. கிழிக்கத் துணிந்த கை இதைப் பொறுத்துக்கொண்டதேன்? பூரணம் தம் கோட்டில் இல்லையென்று அறிந்தே அவர் கோடிழுத்தார் என்று கொள்வதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் தோன்றவில்லை. துறக்க வேண்டியது தூரிகையை அன்று, 'நான் எட்டிவிட்டேன்' என்னும் எண்ணத்தை என்றால், மேட்டு நிலத்தில் கழிந்த மௌனத்தைவிட, 1974-இல் மறுபடி பென்சிலை எடுத்த செயலையே நான் உயர்வாக மதிப்பேன்.

முதுமையில் ஆறடிச் சீலையைத் தூக்கி வைக்க உடல் ஒப்பாதபோதும் அவர் ஓவியத்தை நிறுத்தவில்லை; சீலையை ஐந்தடியாகக் குறைத்துக்கொண்டார். 2004 டிசம்பரில், நியூ மெக்சிகோவின் தாவோஸ் என்னும் ஊரில், தமது 92-ஆம் வயதில் காலமானார்.