கூலி கேட்காத குரல்
மகர சங்கராந்தியன்று, ஜனவரி 14 அல்லது 15இல், கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் லட்சக்கணக்கானோர் நீராடுகிறார்கள். கூட்டத்தில் தொலைந்துபோகும் முதியவர் சிலருக்குத் தம் ஊர்ப்பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரிவதில்லை. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியை உரிமம் பெற்று இயக்கும் மேற்கு வங்கத் தொண்டர்கள் அந்த ஒற்றைப் பெயரைக் கொண்டே உறவினரைத் தேடிப்பிடித்து ஒப்படைக்கிறார்கள். ஹாம் உரிமத்தைக் கொண்டு பணம் ஈட்டச் சட்டம் இடந்தருவதில்லை.

பலன் கருதாத செயலைக் கீதை கர்மயோகம் என்கிறது. சட்டம் தடுத்ததால் கூலி வாங்காதவர் பற்றற்றவர் ஆவாரா? ஆகமாட்டார். தடை கூலியைத்தான் நிறுத்தும். புகழாசை உள்ளே அப்படியே இருக்கும். பற்றின்மை தெரிவது வேலைசெய்யும் விதத்தில்தான்: பிறர் தந்த செய்தியை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கடத்துவதிலும், அழைப்பே வராத இரவிலும் காதைத் தீட்டிக் காத்திருப்பதிலும். அப்படிக் காத்திருப்பவரின் பணி கர்மயோகமே.