பற்றாக்குறையைப் பங்கிடும் கை

மருத்துவமனை வார்டு ஒன்றில் இரவும் பகலும் ஒரு செவிலியர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? மூன்று ஷிஃப்ட், ஆகவே மூன்று பேர் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஆறு நாள் உழைத்து ஒரு நாள் ஓய்வெடுக்கும் ஒருவரால் ஆறு ஷிஃப்ட் பார்க்க முடியும். 21ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. காய்ச்சல், மகப்பேறு, பயிற்சி, வீட்டில் ஒரு சாவு என்று விடுப்புகளுக்காக 30 சதவீதம் சேர்த்தால் நாலரை ஆகிறது. ஒரே ஒரு நாற்காலி காலியாகாமல் இருக்க நாலரைப் பேர் வேண்டும். 30 படுக்கை உள்ள வார்டில் ஆறு நோயாளிக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஐந்து பேர் தேவை. அப்படியானால் வருகைப் பதிவேட்டில் 23 பெயர்கள் இருக்க வேண்டும்.

அங்கே 23 பேருக்குப் பதில் 10 பேர் இருந்தால் என்ன ஆகும்? வார்டை யாரும் பூட்டிவிடுவதில்லை. ஊசி போடப்படும், சலைன் மாற்றப்படும், காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். நிதிநிலை அறிக்கையில் 13 பேரின் சம்பளம் மிச்சம் என்று தெரியும். இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்க விரும்புகிறேன். வேலை குறையவில்லை, நோயாளிகளும் குறையவில்லை. பற்றாக்குறை மறைந்துபோவதில்லை. ஓர் ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்கு மாற்றி எழுதப்படுகிறது. அந்த இரண்டாவது ஏடு அச்சாவதில்லை, தணிக்கைக்கும் வருவதில்லை.

அந்த ஏட்டின் முதல் பக்கம் செவிலியரின் உடம்பு. அடுத்த ஷிஃப்ட்காரர் வராததால் தொடர்ந்து பார்த்த இரண்டாவது ஷிஃப்ட், அடக்கிவைத்த சிறுநீர், தள்ளிப்போட்ட விடுப்பு, மாதவிடாய் நாளிலும் உட்கார முடியாத எட்டு மணி நேரம்.

இரண்டாவது பக்கத்தைப் பார்க்க, அரசு மருத்துவமனை ஒன்றின் பெண்கள் வார்டுக்கு இரவு பத்து மணிக்கு மேல் போக வேண்டும். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒருவர். தரையில் இருப்பவர் மகளாக, மருமகளாக, அக்காவாக இருப்பார். பெட்பேன் வைப்பது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி புகட்டுவது எல்லாம் அவர் வேலை. “சொட்டு நின்னா வந்து சொல்லுங்கம்மா” என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அந்த பாட்டிலைப் பார்த்தபடி விழித்திருப்பதும் அவர் வேலை. இது பயிற்சி பெற்றவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய கண்காணிப்பு. இங்கே அதைச் செய்பவர் தன் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர். தனியார் மருத்துவமனையிலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை, தரைக்குப் பதில் ஒரு சாய்வு நாற்காலி கிடைக்கும். அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்த நாட்களில் அப்படியொரு நாற்காலியில்தான் நான் இருந்தேன். அண்ணன் மாலையில் பழங்களோடு வந்து, டாக்டரிடம் பேசிவிட்டுப் போவார். எங்கள் இருவரையும் எல்லோரும் பாராட்டினார்கள். அவரைப் பொறுப்பானவர் என்றார்கள், என்னைப் பாசமானவள் என்றார்கள். ஆள் குறைத்து மிச்சம்பிடித்த பணம், இப்படிப் பாசம் என்ற பெயரில் பெண்களிடமிருந்து வசூலாகிறது.

மூன்றாவது பக்கம் நோயாளியுடையது. அதைக் கணக்கிட்டுக் காட்டியவர் லிண்டா எய்கன், அமெரிக்காவில் செவிலியராக இருந்து ஆய்வாளரானவர். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை அவரது குழு ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டது. செவிலியர் ஒருவரின் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறது என்பது அதில் முக்கியமானது. பின்னர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வும் 2014இல் அதே ஏழு சதவீதத்துக்கு வந்து சேர்ந்தது. மருத்துவமனைச் சாவுக்கு மருந்தின் பெயரையோ டாக்டரின் பெயரையோ சொல்லி அழுதிருக்கிறோம். பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு யாரும் அழுததில்லை.

இந்த ஏடு கண்ணில் படாமல் இருப்பதற்கு நம் மொழியும் துணைபோகிறது என்று நினைக்கிறேன். நர்ஸ் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட ‘செவிலி’ சங்க அகப்பாடல்களின் சொல். தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் தோழி இந்தச் செவிலியின் மகள். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பாலைநிலத்தில் எதிர்வருவோரை எல்லாம் விசாரித்தபடி தேடிப் போகிறவளும் செவிலிதான். மிக அழகான சொல், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலைக்குத் தாயின் பெயரை வைத்தால், தாய்க்கு இல்லாதவை எல்லாம் அந்த வேலைக்கும் இல்லாமல் போகும் ஆபத்து இருக்கிறது. தாய்க்கு வேலை நேரம் கிடையாது, ஓய்வு நாள் கிடையாது, எத்தனை பிள்ளைகள் வரை பார்க்கலாம் என்ற வரம்பு கிடையாது. பேச்சுவழக்கில் அவர் ‘சிஸ்டர்’. அதுவும் உறவுமுறைதான். டாக்டரை யாரும் சித்தப்பா என்று கூப்பிடுவதில்லை.

மருத்துவமனை பில்லும் இதையே செய்கிறது. கையுறைக்கு ஒரு வரி, டாக்டரின் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி, ஸ்கேனுக்கு ஒரு வரி. செவிலியரின் உழைப்பு பெரும்பாலும் அறை வாடகைக்குள் அடங்கிவிடுகிறது, அல்லது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வருகிறது. ஐந்து பேரைப் பார்த்தாலும் பதினைந்து பேரைப் பார்த்தாலும் அந்தத் தொகை மாறாது. கணக்கர் பார்வையில் டாக்டர் வருமானம், செவிலியர் செலவு. வருமானத்தைப் பெருக்குவதும் செலவைச் சுருக்குவதும் நல்ல நிர்வாகம் என்றால், முதல் வெட்டு எங்கே விழும் என்பது பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது.

இனி, தலைமை. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் வார்டு பொறுப்புச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் சொன்னார்: “டூட்டி லிஸ்ட்டைப் பென்சிலாலதான் போடுவேன் மேடம். பேனாவுல போட்டா அடிச்சு அடிச்சே எழுதணும். கைக்குழந்தைக்காரிக்கு நைட் வேணாம்னு விட்டா, கல்யாணம் ஆகாத பொண்ணுக்குத் தொடர்ந்து நைட் விழும். ஒருத்திக்கு நல்லது பண்ணா இன்னொருத்திக்குக் கெடுதல் பண்ணதாத்தான் ஆகும். எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க. ஆளே அனுப்பாதவங்க பேரு யாருக்கும் தெரியாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஓர் அறக்கேள்வி முழுதாக இருக்கிறது. பணியிடங்களை உருவாக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது அரசாணையிலும் நிதித்துறையின் ஒப்புதலிலும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தலைவரான டீன் ஒரு மருத்துவர். நூற்றுக்கணக்கான செவிலியரை நடத்தும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கோ, இருப்பவர்களை இடம் மாற்றி உட்காரவைப்பதற்கு மேல் அதிகம் கையில் இல்லை. பற்றாக்குறையை உண்டாக்கும் கை ஒன்று, பங்கிடும் கை இன்னொன்று. பங்கிடும் கை பெரும்பாலும் பெண்ணுடையது.

பெண்களுக்கு இது பழகிய வேலை. அரைப்படி அரிசியில் ஏழு பேருக்குப் பரிமாறுவது, குழம்பில் தண்ணீர் விட்டுப் பெருக்குவது, கடைசியில் தான் உட்காருவது. இந்தத் திறமையை நாம் பாடிவைத்திருக்கிறோம். நிர்வாகவியல் பாடநூல் இதையே ‘வளங்களைத் திறம்படப் பயன்படுத்துதல்’ என்கிறது. ஆனால் எவ்வளவு நன்றாகப் பங்கிடுகிறாளோ அவ்வளவு நாள் அரிசி வாங்காமலே இருந்துவிட முடிகிறது. அவளுடைய திறமைதான் பற்றாக்குறையை மறைக்கும் திரை.

அமெரிக்க அரசியல் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1990இல் எழுதிய நூலில், நீதியைப் பங்கீடாக மட்டுமே பார்க்கும் பழக்கத்தைக் கேள்வி கேட்டார். இருப்பதை எப்படிச் சமமாகப் பிரிப்பது என்பதிலேயே நின்றுவிட்டால், இருப்பு எவ்வளவு என்று யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி காணாமல் போகிறது என்பது அவர் வாதத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது. டூட்டி லிஸ்ட் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது நீதி ஆகிவிடாது. பத்துப் பேரின் களைப்பைச் சமமாகப் பிரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? மறுத்துவிடலாமா? இன்றிரவு 30 பேர் படுத்திருக்கிறார்கள். அவர் மறுத்தால் அந்தத் தண்டனை நிதித்துறைக்குப் போகாது, ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போகும். அதனால் அவர் பங்கிட்டே ஆக வேண்டும். சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனம் அதைச் செய்யவிடாதபோது வரும் வேதனைக்கு, தத்துவவாதி ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984இல் செவிலியரை முன்வைத்துத்தான் ஒரு பெயர் தந்தார். தமிழில் ‘அறத்துயர்’ எனலாம். இது தனிமனிதரின் பலவீனம் அல்ல, யோகா வகுப்பால் தீர்வதும் அல்ல.

எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே நேர்மையான பதில் இரண்டு கடமைகளைச் சேர்த்துச் சுமப்பதுதான். இன்றிரவு பங்கிடுவது. நாளைக் காலை, நடந்ததை ‘சமாளித்துவிட்டோம்’ என்று எழுதாமல் இருப்பது. எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், எத்தனை பேர் இருந்தார்கள், எது செய்யப்படாமல் விடுபட்டது என்று தேதி போட்டு மேலே அனுப்புவது. நைட்டிங்கேலை நாம் விளக்கோடு நினைவில் வைத்திருக்கிறோம். கிரிமியப் போரின் சாவுகளை எண்ணி, வரைபடமாக்கி, அரசின் முன்னால் வைத்தவர் அவர். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அவர் பிறந்த மே 12 அன்று செவிலியருக்கு விளக்கை ஏற்றிக் கொடுக்கிறோம், புள்ளிவிவரத்தைக் கொடுப்பதில்லை.

எழுதி அனுப்பினால் போதுமா என்றால், போதாது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை அதற்குச் சாட்சி. நிதிநிலையைச் சரியாகக் காட்டி ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்னும் தன்னாட்சித் தகுதி பெற அதன் நிர்வாகம் ஒரு கோடி பவுண்டு செலவைக் குறைத்தது, நூற்றுக்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. 2008இல் தகுதி கிடைத்தது. அதே காலத்தில் அங்கே நோயாளிகள் தங்கள் கழிவிலேயே கிடந்தார்கள். அவசரப் பிரிவில் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பாளர்கள் முடிவு செய்தார்கள். ஹெலீன் டொனெல்லி என்ற செவிலியர் கிட்டத்தட்ட நூறு முறை எழுத்தில் முறையிட்டார், கேட்பாரில்லை. 2013இல் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதையெல்லாம் பதிவு செய்தது. தனியொருத்தியின் மனச்சாட்சி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பட்ஜெட்டுக்கு எதிராக அதைத் தனியாக நிறுத்திவைப்பது நியாயமில்லை.

அதனால்தான் எண்ணைச் சட்டமாக்கும் போராட்டங்களை முக்கியமாக நினைக்கிறேன். கலிஃபோர்னியாவில் செவிலியர் சங்கங்கள் போராடி 1999இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2004இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் தரக் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு. ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் அதைத் தள்ளிப்போட முயன்றபோது செவிலியர் தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்து நின்றார்கள், அவர் பின்வாங்கினார். சட்டம் இருக்கும் இடத்தில், ஆறாவது நோயாளியை ஏற்க மறுப்பது ஒரு பெண்ணின் கல்நெஞ்சு ஆகாது. அது விதி. தியாகத்துக்கு ஓர் உச்சவரம்பு வைப்பதும் அறம்தான்.

பணம் எங்கே என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016இல் இப்படிச் சட்டம் போட்டது. அங்கு கூடுதல் ஆட்களுக்கு ஆன செலவைப் போல் இரு மடங்குக்கும் மேல், நோயாளிகள் விரைவில் வீடு திரும்புவதாலும் மறுபடி வந்து சேராததாலும் மிச்சமானதாக 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. ஆனாலும் லாபம் என்பதால்தான் செய்ய வேண்டும் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. மிச்சம் எதுவும் இல்லாவிட்டாலும், தரையில் படுத்திருக்கும் பெண்ணின் உழைப்பால் அரசின் கணக்கை நேராக்குவது தவறுதான்.

நம் ஊரில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை நிறைவேறாமல், 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். 2020 மே 3 அன்று நாடெங்கும் மருத்துவமனைகள்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினார்கள். அந்தத் தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி, 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பூவுக்குப் பட்ஜெட் இருந்தது.

பிரான்சிஸ் அறிக்கைக்குப் பிறகு, 2014 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் இந்த ஷிஃப்டில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வார்டு வாசலில் எழுதிவைக்கச் சொன்னார்கள். நம் வார்டுகளிலும் அந்தப் பலகை வேண்டும். ஒரு மாற்றத்தோடு: இரண்டு எண்களுக்கும் கீழே, இடைவெளியை நிரப்பும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவருடைய பதவியின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவில் கோபத்தோடு வரும் உறவினர், பலகைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் சிஸ்டரிடம்தான் கத்துவார்.