கையில் இருப்பது அமானத்

பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்றை விளக்கருகே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கரும்பழுப்பு இரும்பின் மேல் வெளிர் கோடுகள் சுருண்டு சுருண்டு, ஒன்றையொன்று தழுவி, அடியிலிருந்து வாய்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சுருள் மற்றதைப் போல இராது. யாரும் தீட்டியதல்ல, செதுக்கியதும் அல்ல. இரும்பின் உள்ளிருந்தே எழுந்து வந்த கோலம் அது. டமஸ்கஸ் குழல் என்பார்கள். பார்க்கப் பார்க்க மனம் அதிலேயே தங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லியேஜிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும் கொல்லர்கள் இதைச் செய்தார்கள். மென்மையான இரும்பையும் கடினமான உருக்கையும் மாறி மாறி அடுக்கி, உலையில் பழுக்க வைத்து, அடித்து ஒன்றாக்கி, கோலாக நீட்டி முறுக்கினார்கள். முறுக்கிய கோல்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பட்டையாக்கி, அந்தப் பட்டையை ஒரு தண்டின் மேல் சுற்றிச் சுற்றி அடித்துக் குழலாக்கினார்கள். நம் ஊர்ப் பெண்கள் பன்பாய் இழைக்கும்போது இழைக்குள் இழை புகுந்து கோலம் விழுமே, அப்படித்தான் இதுவும்; இங்கே இழை நெருப்பில் வெந்தது. ஆனால் உலையிலிருந்து வந்த குழலில் கோலம் தெரியாது. அதைத் துருப்பிடிக்க விட வேண்டும். பிறகு துடைக்க வேண்டும், மீண்டும் துருப்பிடிக்க விட வேண்டும், மீண்டும் துடைக்க வேண்டும். இரும்பு ஒரு விதமாகத் துருவை ஏற்கும், உருக்கு வேறு விதமாக ஏற்கும். அந்த வேறுபாட்டில்தான் கோலம் கண் திறக்கிறது.

துரு அரிக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். அதே துரு இங்கே அழகைத் திறந்து காட்டுகிறது. துடைக்கும் கை திரும்பத் திரும்ப வந்ததால் அப்படி ஆயிற்று. வராமல் இருந்திருந்தால் அரித்திருக்கும். கல்பின் மேலும் துரு படியும் என்று நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். திக்ரில் அமரும்போது நாம் செய்வதும் இந்தத் துடைப்பைத்தான், அமைதியாக, நாள் தவறாமல்.

இரும்புக்கும் நம் காற்றுக்கும் நெடுநாள் உறவு உண்டு. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியின் மேற்குச் சரிவுகளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டே உலை மூட்டி இரும்பு உருக்கினார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1996இல் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீபின், அதாவது நம் இலங்கையின், பெயரும் வருகிறது. உலை மூட்டிய அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் மலையில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு, கச்சானாக நம் கல்முனைக் கரைக்கு வருகிறது. லியேஜின் குழலில் நம் நாட்டு இரும்பு இல்லை, உண்மைதான். ஆனாலும் கச்சான் வீசும் பகலில் அந்தக் குழலைப் பார்க்கும்போது நெஞ்சு ஏனோ நெகிழ்கிறது.

நெஞ்சு நெகிழும் இடத்திலேதான் ஆசையும் நுழைகிறது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் அளவே 12ஆம் இலக்கக் குழல். 20ஆம் இலக்கம் அதைவிடச் சிறிது. 28ஆம் இலக்கத்தின் வாய் 14 மில்லிமீற்றர்தான். எண் பெருகப் பெருகக் குழல் ஒடுங்குகிறது. சின்னக் குழல்கள் குறைவாகவே செய்யப்பட்டவை, ஆகவே சேகரிப்பவரின் தேடல் அவற்றின் பக்கம் சாய்கிறது. 20 கிடைத்தவருக்கு 28 வேண்டும், 28 கிடைத்தவருக்கு அதற்கு இணையாக இன்னொன்று வேண்டும். எண் பெருகுகிறது, நெஞ்சு ஒடுங்குகிறது. அத்தகாஸுர் என்ற 102ஆவது ஸூரா எட்டே வசனங்கள் கொண்டது. சேர்த்துக் குவிக்கும் போட்டியிலேயே ஆயுள் கழிந்து கப்றடி வந்துவிடும் என்று அது நம்மை எழுப்புகிறது. எழுந்து பார்த்தால், குவியலுக்கு நடுவே நாம் எவ்வளவு நெருக்கடியில் நின்றோம் என்பது புரியும்.

அழகை விரும்புவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிடியைத் தளர்த்தினால் போதும். நூறு வயது கடந்த துவக்குக்கு நமக்கு முன் எத்தனை எசமானர்கள் இருந்திருப்பார்கள்? ஒவ்வொருவரும் என்னுடையது என்றுதான் சொல்லியிருப்பார். அவர்கள் போனார்கள், துவக்கு இருக்கிறது. கையில் இருப்பது அமானத் என்று மனம் ஒப்புக்கொண்ட கணத்தில் தோள் இறங்கும், மூச்சு நீளும். எண்ணெய் தடவுவதும் துடைப்பதும் அப்போதும் நடக்கும். ஆனால் அதில் பதற்றம் இராது. நம் நாட்டின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி துவக்கின் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அலைச்சலான காரியம்தான். என் மனத்துக்கோ அது, தவணைக்குக் கிடைத்த பொருள் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டுவதாகவே படுகிறது.

இந்தக் கரையில் துவக்கு என்றால் வட்டையில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்த நாட்கள் நினைவுக்கு வரும். போர் நாட்களும் வரும். வெடிச்சத்தத்தில் உறவுகளை இழந்த வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. அதனால்தான் டமஸ்கஸ் குழலின் ஒரு குணம் எனக்கு ஆறுதல் தருகிறது. அதைக் கரிமருந்துக்கென்றே செய்தார்கள். பின்னால் வந்த புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அது தாங்கும் என்று நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுகளில் துரு இருந்தால் குழல் பிளந்து, பிடித்த கையையே கெடுத்துவிடும். ஆகவே இன்றைய தோட்டாவை அதில் இடவே கூடாது. சுடும் வேலை முடிந்துவிட்டது. இனி அதைப் பார்க்கலாம், பேணலாம்.

பார்ப்பதற்கு உரிமைப்பத்திரம் வேண்டியதில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்டுப் போன பொருட்களில் ஆறு, 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. அவற்றில் இரண்டு பெரிய துவக்குகளும் உண்டு. டமஸ்கஸ் இரட்டைக்குழல்களுக்கு முந்திய வேறொரு குடும்பம் அவை. இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கல்முனையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது கொழும்பில் இறங்கலாம்.